சுவரில் ஆணி அடிக்காமல் வாடகை வீட்டை நம் வீடாக்கலாம்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. மேஜையும் வந்துவிட்டது. எங்கே வைக்கலாம், எதை மாட்டலாம் என்று சுற்றிப் பார்க்கும்போதுதான் வீட்டு உரிமையாளர் சாவி கொடுக்கும்போது சொன்னது நினைவுக்கு வரும்: "ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க." வாடகை வீட்டில் குடியிருக்கும் எல்லோருக்கும் பழகிப் போன வாசகம் இது. விளைவு என்ன? 11 மாத ஒப்பந்தம், அதன் பிறகு எங்கேயோ என்று பாதிப் பெட்டிகளைப் பிரிக்காமலேயே பரணில் போட்டுவிடுகிறோம். வெறும் சுவர்களுக்கு நடுவே காலம் ஓடிவிடுகிறது.

சென்ற ஆண்டு அப்பா காலமான பின், அம்மா மன்னார்குடியிலிருந்து சென்னையில் என் வாடகை பிளாட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய சட்டம் போட்ட படங்கள் கூடவே வந்தன. மாட்ட ஓர் இடமும் இல்லை. "இன்னொருத்தர் வீட்ல இருக்கிற மாதிரியே இருக்குடா" என்று அடிக்கடி சொல்வார். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அங்கே அவரைத் தனியே விட எனக்கு மனமில்லை. எனவே சுவரைத் தொடாமல் இந்த வீட்டை அவருக்குப் பழக்கமானதாக மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் பெரிதும் உதவியது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் எளிதில் செய்யக்கூடிய அந்த வழிகளை இங்கு வரிசையாகப் பார்க்கலாம்.

பெட்டியைப் பிரிக்கும் முன் போட்டோ

குடி வரும் நாளன்று, சாமான்களை இறக்கும் முன், காலி வீட்டை மொபைல் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர்கள், தரை, சுவிட்ச் போர்டுகள், குழாய்கள், கதவுகள், ஜன்னல் கண்ணாடிகள் என்று ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஆணித் துளை, விரிசல், ஓதம் ஆகியவற்றை அருகில் சென்று தனியே எடுங்கள்.

பின் யு.எஸ்.பி. கேபிள் மூலம் போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து, படங்களை ஒரு போல்டரில் காப்பி செய்திடுங்கள். போல்டரின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் மூன்றும் இருக்கட்டும். எடுத்த நாளும் நேரமும் ஒவ்வொரு படத்தின் பைலுக்குள்ளும் பதிவாகியிருக்கும். பைலின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவில் டீடெய்ல்ஸ் டேபைத் திறந்தால் அதைக் காணலாம். முக்கியமான படங்களை அன்றே வீட்டு உரிமையாளருக்கும் இ-மெயிலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் "இந்தத் துளை யார் போட்டது?" என்ற பேச்சே எழாது.

இதில் உங்கள் அட்வான்ஸ் பணம் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து இதே போல்டரில் சேர்த்து வையுங்கள்.

அறையைக் கம்ப்யூட்டரில் வரையுங்கள்

பீரோவை இங்கே இழுத்து, அங்கே தள்ளிப் பார்ப்பதில் முதுகும் தரையும் தேயும். அதற்குப் பதில் ஸ்ப்ரெட்ஷீட்டில் நகர்த்திப் பார்க்கலாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் கால்க் புரோகிராமைத் திறந்து கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. கண்ட்ரோல் + ஏ அழுத்தி ஷீட் முழுவதையும் தேர்ந்தெடுக்கவும்.

2. பார்மட் மெனுவில் காலம்ஸ் பிரிவில் விட்த் என்பதைத் தேர்ந்தெடுத்து 0.5 செ.மீ. என அமைக்கவும். அதே மெனுவில் ரோஸ் பிரிவில் ஹைட் என்பதிலும் 0.5 செ.மீ. தரவும். ஷீட் முழுவதும் சதுரக் கட்டங்களாகிவிடும்.

3. ஒரு கட்டம் அரை அடி என்று வைத்துக் கொள்ளுங்கள். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 20 கட்டம் அகலம், 24 கட்டம் நீளம். இதற்குப் பார்டர் போடவும்.

4. பர்னிச்சர்களை வண்ணக் கட்டங்களாக நிரப்பவும். ஆறரை அடிக்கு ஐந்தடிக் கட்டில் 13-க்கு 10 கட்டங்கள். மூன்றடி அகல ஸ்டீல் பீரோவுக்கு 6-க்கு 4 கட்டங்கள் விட்டால் தாராளம்.

5. கதவு திறக்கும் இடத்தையும், ஜன்னலையும், பிளக் பாயின்ட் இருக்கும் இடங்களையும் தனி வண்ணத்தில் குறிக்கவும். நடக்கும் வழிக்குக் குறைந்தது நான்கு கட்டங்கள், அதாவது இரண்டடி விடவும்.

ஒரு பொருளின் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + எக்ஸ், வேறிடத்தில் கண்ட்ரோல் + வி. பீரோ நகர்ந்துவிட்டது! எங்கள் வீட்டில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட இடமிருப்பது இந்தக் கட்டங்களில்தான் தெரிந்தது. இப்போது காலைக் காபி அவருக்கு அங்கேதான்.

முப்பரிமாணத்தில் பார்க்க விரும்புபவர்கள் ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். சுவர்களை வரைந்து, பர்னிச்சர் படங்களை இழுத்து வைத்தால், அறைக்குள் நின்று பார்ப்பது போன்ற தோற்றம் கிடைக்கும்.

கம்ப்யூட்டருக்கு ஏற்ற இடம்

ஜன்னலுக்கு நேர் எதிரே மானிட்டரை வைத்தால் திரையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும். ஜன்னலை ஒட்டி, அதற்கு முதுகு காட்டி வைத்தாலும் கூச்சம்தான். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி வைப்பதே நல்லது. திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்திலோ சற்றுக் கீழாகவோ இருக்கட்டும்.

பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருந்தாலும், உள்ளே எர்த் இணைப்பு இல்லாமல் இருப்பதுண்டு. எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துச் சோதித்த பிறகே கம்ப்யூட்டரை இணைக்கவும். எர்த் இல்லை என்றால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிச் சரி செய்யச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் இணைத்துள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்றவற்றைச் செருக வேண்டாம்.

தொங்கும் வயர்கள்தான் அறையின் அழகைக் கெடுக்கும். கழற்றி எடுக்கக்கூடிய ஒட்டுப் பட்டையுடன் வரும் சிறிய ஹூக்குகளை மேஜையின் பின்பக்கம் ஒட்டி, வயர்களை அவற்றில் செருகிவிடலாம். இவற்றைச் சுவரில் ஒட்டுவதானால் ஒன்றைக் கவனிக்கவும். சுண்ணாம்பு அடித்த சுவரிலும், தொட்டால் மாவு மாதிரி உதிரும் டிஸ்டெம்பர் சுவரிலும் இவை நிற்காது. வழவழப்பான எமல்ஷன் சுவரில் நிற்கும். எடுக்கும்போது உங்களை நோக்கி இழுக்கக் கூடாது. பட்டையின் நுனியைப் பிடித்து, சுவரோடு ஒட்டியபடி கீழ்நோக்கி மெதுவாக இழுத்தால் பெயின்ட் உரியாமல் வந்துவிடும்.

பழைய படங்களை ஸ்கேன் செய்தல்

இனி முக்கியமான வேலைக்கு வருவோம். ஒரு வீடு நம்முடையது என்று சொல்ல வைப்பவை பெரும்பாலும் படங்கள்தான். இப்போது விற்கும் பிரிண்டர்கள் பலவற்றில் ஸ்கேனரும் சேர்ந்தே வருகிறது. ஸ்கேன் செய்யும் முன் ரெசல்யூஷன் எவ்வளவு என்பதை முடிவு செய்ய வேண்டும். இதற்கான கணக்கு எளிது. நீளத்தையும் அகலத்தையும் டி.பி.ஐ. எண்ணால் பெருக்கினால் பிக்ஸெல் கிடைக்கும்.

4-க்கு 6 அங்குலப் படத்தை 300 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்தால் 1,200-க்கு 1,800 பிக்ஸெல். அதே அளவில் மீண்டும் அச்சிட இது போதும். 600 டி.பி.ஐ. என்றால் 2,400-க்கு 3,600 பிக்ஸெல். இதை 8-க்கு 12 அங்குலம் வரை பெரிதாக்கித் தெளிவாக அச்சிடலாம். பாஸ்போர்ட் அளவு போன்ற சிறிய படங்களுக்கு 1,200 டி.பி.ஐ. வைத்துக் கொள்ளுங்கள்.

மேலும் சில குறிப்புகள்:

* ஸ்கேனர் கண்ணாடியையும் படத்தையும் மென்மையான உலர்ந்த துணியால் துடைக்கவும். படத்தின் மீது தண்ணீர் படக் கூடாது.

* கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலர் மோடிலேயே ஸ்கேன் செய்திடுங்கள். பழுப்பேறிய நிறமும் அந்தப் படத்தின் ஒரு பகுதிதான். வேண்டாமென்றால் பிறகு மாற்றிக் கொள்ளலாம்.

* ஜேபெக் பைலைத் திருத்தித் திருத்தி சேவ் செய்தால் ஒவ்வொரு முறையும் தரம் சிறிது குறையும். எனவே ஸ்கேன் செய்த மூலப் பைல்களை ஒரு போல்டரில் தொடாமல் வைத்துவிட்டு, காப்பி எடுத்து அதில் திருத்துங்கள். கீறல்களையும் கறைகளையும் நீக்க ஜிம்ப் என்ற இலவச புரோகிராம் உதவும்.

* பல ஆண்டுகள் சட்டத்தில் இருந்த படம் கண்ணாடியோடு ஒட்டிக் கொண்டிருக்கும். பிய்க்க முயன்றால் முகமே உரிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடியோடு சேர்த்து மொபைல் போனில் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும் இடத்தில் வைத்து, பிளாஷை நிறுத்திவிடவும். போனுக்குப் பின்னால் ஒருவரைக் கறுப்புத் துணி ஒன்றை விரித்துப் பிடிக்கச் சொன்னால், ட்யூப்லைட்டும் நம் உருவமும் கண்ணாடியில் தெரியாது.

படங்களுக்குத் தமிழில் பெயர் எழுதுங்கள்

ஸ்கேன் செய்த பைல்களுக்கு வெறும் எண்களே பெயராக அமையும். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தில் இருப்பவர் யாரென்று சொல்ல ஆள் இருக்க மாட்டார். அதனால் தெரிந்தவர்கள் அருகில் இருக்கும்போதே பெயரிட்டுவிட வேண்டும். அதையும் தமிழிலேயே செய்யலாம்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் லாங்வேஜ் அண்ட் ரீஜன் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஆட் எ லாங்வேஜ் என்பதில் கிளிக் செய்து தமிழைச் சேர்க்கவும். பின்னர் விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக் கொள்ளலாம். பைலைத் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்தி, பெயரைத் தமிழில் டைப் செய்திடுங்கள். ஆண்டு, ஊர், உறவு, பெயர் என்று ஒரே வரிசையைக் கடைப்பிடித்தால் பின்னர் தேடுவது எளிது.

இந்த வேலைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை மானிட்டர் முன் உட்கார வைத்தேன். அவர் சொல்ல, நான் டைப் செய்தேன். ஒரு படத்தில் அப்பா சைக்கிளைப் பிடித்தபடி மிடுக்காக நிற்கிறார். "சைக்கிள் அவரோடது இல்லடா. மணிக்கணக்குல வாடகைக்கு எடுத்தது" என்றார். இன்னொரு படத்தில் ஒரு கூடம், அதில் ஒரு கொடிக் கயிறு. இது எந்த வீடு என்று கேட்டேன். "நான் கல்யாணமாகி வந்த வீடு. அதுவும் வாடகை வீடுதான். ஒன்பது வருஷம் இருந்தோம். உங்க பாட்டி சுவத்துல ஒண்ணும் மாட்ட விட மாட்டாங்க. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியிலதான் கட்டுவோம்."

ஊர் வீட்டை மட்டுமே அம்மாவின் வீடு என்று நினைத்திருந்த எனக்கு இது புதிய செய்தி. அப்படிச் சொன்ன பிறகு அவரே எழுந்து போய், எங்கள் பிளாட்டின் ஜன்னல் கம்பியைப் பார்த்துவிட்டு, "இங்கயும் கட்டலாம்" என்றார். பெரியவர்கள் இப்படிப் பேசும்போது போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிடுங்கள். அந்த ஆடியோ பைலையும் படத்தின் பெயரிலேயே அதே போல்டரில் சேமியுங்கள்.

எங்கே மாட்டுவது?

ஜன்னல் கம்பி: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கயிறு கட்டி, அச்சிட்ட படங்களைத் துணி கிளிப்பால் மாட்டலாம். வெயிலும் சாரலும் படாத ஜன்னலாக இருக்கட்டும். அசல் படத்தை மாட்டாமல் பிரிண்டை மட்டும் மாட்டுங்கள். நிறம் மங்கினால் மீண்டும் ஒன்றை அச்சிட்டால் போயிற்று.

ஸ்டீல் பீரோ: காந்தம் ஒட்டும் பெரிய பலகை ஒன்று நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதுதான் பீரோவின் பக்கவாட்டு. சிறிய காந்தங்களை வைத்துப் படங்களை ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் குடும்பப் படங்கள் முழுவதும் இங்கேதான். வீடு மாறும்போது இந்தச் சுவர் நம்மோடு கூடவே வந்துவிடும்.

கம்ப்யூட்டர் திரை: வேலை செய்யாத நேரத்தில் மானிட்டரே படச் சட்டமாகும். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதில் லாக் ஸ்கிரீன், பின் ஸ்கிரீன் சேவர் என்று செல்லவும். போட்டோஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, அருகிலுள்ள செட்டிங்ஸ் பட்டன் மூலம் உங்கள் போல்டரைக் காட்டி, நேரத்தை அமைத்து ஓகே கிளிக் செய்திடுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களும் ஏறக்குறைய இவ்வாறே செய்யலாம். ஆனால் அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக் கொண்டுவிட்டது என்பதை நினைவில் கொள்ளவும்.

டிவி: யு.எஸ்.பி. போர்ட் உள்ள டிவிகள் பலவும் பென் டிரைவிலிருந்து ஜேபெக் படங்களைக் காட்டும். விருந்தினர் வரும் நாளில் சீரியலுக்குப் பதில் இதை ஓடவிட்டுப் பாருங்கள். பேச்சுக்குப் பஞ்சமிருக்காது.

கோலமும் வானொலியும்

கோலம் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை. அரிசி மாவுக் கோலம் மறுநாள் தண்ணீர் தெளித்தால் போய்விடும். அம்மாவின் பழைய கோல நோட்டைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று பைலுக்குப் பெயரிட்டு வைத்திருக்கிறேன். பிளாட் வாசலில் நான்கு அடிதான் இடம். எனவே சிறிய கோலங்களைத் தனி போல்டராகப் பிரித்துவிட்டேன். எதிர் வீட்டுப் பெண் மார்கழியில் வந்து சிலவற்றின் பிரிண்ட் வாங்கிப் போனார். அதன் பிறகு இரு வீட்டுக்கும் கிண்ணங்கள் போய் வருகின்றன.

வீட்டுக்கு ஓர் ஓசையும் உண்டு. மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் காலை, 1939-இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையத்தோடுதான் விடியும். ஆகாசவாணி நிலையங்களின் ஒலிபரப்பை இப்போது நியூஸ் ஆன் ஏர் செயலியில் இணையம் வழியாகக் கேட்கலாம். சிறிய ஸ்பீக்கர் ஒன்றைக் கம்ப்யூட்டரிலோ போனிலோ இணைத்து, அடுக்களைக்குக் கேட்கும்படி வையுங்கள்.

விருந்தினருக்குத் தனி வைபை

இப்போதெல்லாம் வீட்டுக்கு வருபவர்கள் தண்ணீர் குடித்தவுடன் கேட்பது வைபை பாஸ்வேர்ட்தான். அதைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் உங்கள் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருக்கும் அதே நெட்வொர்க்கில் எல்லோரையும் சேர்க்க வேண்டாம்.

ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் அதன் முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை பிரவுசரில் டைப் செய்து லாக் இன் செய்திடுங்கள். முதல் வேலையாக அட்மின் பாஸ்வேர்டை மாற்றவும். பின்னர் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் அதை இயக்கி, தனிப் பெயரும் பாஸ்வேர்டும் தந்து, பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என அமைக்கவும்.

ஆண்ட்ராய்ட் 10 அல்லது அதற்குப் பிந்தைய போனில், இணைந்திருக்கும் வைபையின் செட்டிங்ஸில் ஷேர் என்பதைத் தொட்டால் க்யூ.ஆர். கோட் கிடைக்கும். இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே தமிழில் "வாங்க" என்று ஒரு வரி சேர்த்து அச்சிட்டு, ஹாலில் வைத்துவிடுங்கள். வாசல் கதவுக்கு வெளியே ஒட்ட வேண்டாம்.

காலி செய்யும் நாளுக்கு

வீடு மாறுவது என்பது நிச்சயம். அதை மனதில் வைத்தே எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

* படப் போல்டருக்கு மொத்தம் மூன்று பிரதிகள் இருக்கட்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. கூகுள் டிரைவில் 15 ஜி.பி. வரை இலவசம். இந்த இடத்தை ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் பகிர்ந்து கொள்கின்றன.

* ஹார்ட் டிஸ்க்கை லாரியில் ஏற்றாமல் கைப்பையில் எடுத்துச் செல்லவும்.

* கம்ப்யூட்டரைக் கழற்றும் முன் பின்பக்க இணைப்புகளைப் படம் எடுத்துக் கொண்டால், புது வீட்டில் குழப்பம் இருக்காது.

* நீங்கள் கழற்றிப் பரணில் வைத்த உரிமையாளரின் பல்பு, திரைக் கம்பி போன்றவற்றை ஒரு பைலில் பட்டியலிடுங்கள். போகும் முன் அனைத்தையும் பழையபடி மாட்டிவிட்டு, குடி வந்த நாளில் எடுத்த அதே கோணங்களில் மீண்டும் படம் எடுக்கவும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் முடிக்க முடியாது. வாரம் பத்துப் படங்கள் என்று தொடங்குங்கள். அம்மா இப்போதைக்கு ஊருக்குத் திரும்புவது பற்றிப் பேசுவதில்லை. ஸ்கேன் செய்ய இன்னும் அறுபது படங்கள் மீதமிருக்கின்றன, அவற்றை முடிக்க வேண்டும் என்கிறார். உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு பெட்டி இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கி, முதல் படத்தை ஸ்கேன் செய்து பெயர் எழுதிவிடுங்கள்.